‘ஃபோனை மட்டும் வெச்சிடாதீங்க டீச்சர்!’ - கோவளம் கடலில் ஒரு மாணவியின் முதல் சர்ஃபிங் வகுப்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் கோவளம் வந்துவிடும். மாமல்லபுரத்துக்கு வேகமாகப் போகிறவர்களுக்கு அது வழியில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. இடதுபக்கம் திரும்பி, கடற்கரை வரை போனால்தான் ஊர் தெரியும்.

காலை 6 மணிக்கே கரை பரபரப்பாகிவிடுகிறது. கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. சிலர் வலையிலிருந்து மீனை எடுத்துக்கொண்டிருக்க, கூடையோடு வந்த பெண்கள் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூனைகளும் காகங்களும் தங்கள் பங்குக்குக் காத்திருக்கின்றன. அதே மணலில், கொஞ்சம் தள்ளி, நீலமும் மஞ்சளுமாக 9 அடி நீளப் பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் 38 மாணவ, மாணவிகள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு பள்ளியின் 9-ம் வகுப்புப் பிள்ளைகள் அவர்கள். பொங்கல் முடிந்த கையோடு 3 நாள் முகாம். முதல் நாள் தக்‌ஷிணசித்ராவும் முதலைப் பண்ணையும். மூன்றாம் நாள் மாமல்லபுரம். நடுவில் உள்ள இந்த நாள் முழுக்கக் கடலுக்கு. 38 பேரில் 20-க்கும் மேற்பட்டவர்கள் கடலை நேரில் பார்ப்பதே இதுதான் முதல் முறை.

‘இல்லை’ என்று ஒரு டிக்

முகாமுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அனுமதிப் படிவம் போயிருந்தது. அதில் ஒரு கேள்வி: ‘உங்கள் பிள்ளை பயிற்சியாளரின் மேற்பார்வையில் கடலில் இறங்க அனுமதிக்கிறீர்களா?’ பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என 2 கட்டங்கள். 37 படிவங்களில் ‘ஆம்’. ஒன்றில் மட்டும் ‘இல்லை’. டிக் அடித்ததோடு நிற்காமல், அதன் கீழே நீல மையில் ஒரு வரியும் எழுதப்பட்டிருந்தது: ‘பாப்பாவைத் தண்ணீர் பக்கம் விட வேண்டாம்.’

அந்த மாணவிக்கு 14 வயது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் அம்மாவும் அவளும் தம்பியும் மட்டும். அம்மா ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நகர்த்துகிறார்.

அம்மாவின் ‘இல்லை’க்குக் காரணம் உண்டு. போன கோடை விடுமுறையில் ஊர் ஏரியில் குளிக்கப் போன 2 பையன்கள் உயிரோடு திரும்பவில்லை. அதில் ஒருவன் பக்கத்துத் தெரு. இவள் தம்பியோடு ஒன்றாகப் படித்தவன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் ஏரிக்கரைப் பக்கம்கூடப் போவதில்லை.

இந்த மாணவிக்குத் தண்ணீர் புதிதல்ல. தாத்தா இருந்த காலத்தில், முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, கிணற்றில் இறக்கி மிதக்கப் பழக்கியிருக்கிறார். ‘‘9 வயசு வரைக்கும் கெணத்துல எறங்குனேன். அப்புறம் தாத்தாவும் இல்ல, பொம்பளப் புள்ள பெருசாகுதுன்னு வீட்டுல விடவும் இல்ல’’ என்கிறாள். நீந்தத் தெரிவதற்குள் நின்றுபோன பாடம் அது.

‘உங்களுக்குப் பொண்ணு இருக்கா தம்பி?’

‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இறக்கக் கூடாது. அதில் உடற்கல்வி ஆசிரியைக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால், முந்தின நாள் மாலை, கடலைப் பார்த்ததிலிருந்து அந்த மாணவி அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ‘‘ஒரு தடவை அம்மாகிட்ட பேசிப் பாருங்க மிஸ். அவங்க வேணாம்னு சொன்னா நான் கரையிலேயே உக்காந்துக்கறேன்.’’

காலை 6.30 மணிக்கு ஆசிரியை ஃபோன் போட்டார். அம்மா எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘‘என்னாச்சு டீச்சர்?’’ ஒன்றும் ஆகவில்லை என்று நம்பவைக்கவே ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு, பலகை, ஆழம், பயிற்சியாளர்கள் என ஆசிரியை ஒவ்வொன்றாக விளக்கினார். மறுமுனையில் ‘ம்’ என்ற சத்தம்கூட இல்லை. கடைசியில், ‘‘எறக்குறவர்கிட்ட குடுங்க’’ என்றார் அம்மா.

அந்தப் பயிற்சியாளருக்கு 29 வயது. கோவளத்து மீனவக் குடும்பம். ஃபோனை வாங்கிக்கொண்டு சத்தம் குறைவாக இருந்த படகு மறைவுக்குப் போனார்.

‘‘அம்மா, வணக்கம்மா. பாப்பா இடுப்பளவுத் தண்ணிக்கு மேல போகாது. 2 புள்ளைங்களுக்கு ஒரு ஆளு நாங்க. என் கை எட்டுற தூரத்துலதான் இருக்கும்.’’

‘‘ஏரியில செத்த புள்ளைங்களும் இடுப்பளவுத் தண்ணியிலதான் தம்பி நின்னதுங்க.’’

பயிற்சியாளர் கொஞ்சம் யோசித்தார். ‘‘நீங்க சொல்றது சரிதாம்மா. அங்க பள்ளம் எங்க இருக்குன்னு சொல்ல ஆளு இல்ல. இங்க எங்க பள்ளம், எங்க மேடுன்னு நாங்க காலையிலயே எறங்கிப் பாத்துட்டோம். நேத்து மாதிரி இன்னிக்கு இருக்காது. அதனால தெனமும் பாப்போம்.’’

‘‘உங்களுக்குப் பொண்ணு இருக்கா தம்பி?’’

‘‘இருக்கும்மா. 4 வயசு. அதுக்கும் தண்ணி பழக்கிட்டு இருக்கேன்.’’

இந்த முறை மௌனம் இன்னும் நீண்டது. ‘‘சரி. டீச்சர்கிட்ட குடுங்க’’ என்றவர், ஆசிரியையிடம் சொன்னது ஒன்றுதான்: ‘‘எறக்குங்க. ஆனா, அவ மேல ஏறி வர்ற வரைக்கும் ஃபோனை மட்டும் வெச்சிடாதீங்க டீச்சர்.’’

அடுத்த ஒன்றரை மணி நேரமும் அந்த அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

பலகையில் நின்ற ஊர்

அலையில் பலகை மீது நிற்பதைப் பணக்கார விளையாட்டு என்றோ, வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்றோ நினைப்பவர்கள் கோவளத்துப் பெரியவர்களிடம் பேச வேண்டும். மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில், உடையும் அலைகளைத் தாண்டிக் கடலுக்குள் போய், மீனோடு அதே அலை மீது கரைக்கு வந்தவர்கள் சோழமண்டலக் கடற்கரையின் மீனவர்கள். ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். கட்டுமரங்களின் இடத்தை இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன.

கோவளம் பழைய துறைமுக ஊரும்கூட. ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். கோட்டை போய்விட்டது. தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊராக இன்றும் இருக்கிறது.

இந்த ஊரைச் சர்ஃபிங் வரைபடத்தில் ஏற்றியவர் மூர்த்தி மேகவன். சிறு வயதில் மரப்பலகையை வைத்து அலையில் சறுக்கி விளையாடிய மீனவர். பின்னாளில் சர்ஃபிங் பலகையில் கற்றுக்கொண்டு, ஊர் இளைஞர்களுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012-ல் ‘கோவ்லாங் பாயின்ட்’ சர்ஃபிங் பள்ளி உருவானது. புகை, மது இரண்டும் கூடாது என்பது அங்கு வருகிற இளைஞர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை. 2013-ல் தொடங்கிய கோவளம் சர்ஃபிங் திருவிழாவுக்குத் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ்கூட வந்திருக்கிறார். இன்று இந்தக் கடற்கரையில் பல பயிற்சிக் குழுக்கள் இருக்கின்றன. சொல்லித்தருபவர்களில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

இந்த முகாமின் பயிற்சியாளரும் அப்படித்தான். ‘‘நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார், மேடம்னு என்னை யாரும் கூப்ட்டதே இல்ல. இப்ப வாத்தியாருங்களே எங்கிட்ட ‘சொல்லுங்க சார்’னு கேக்குறாங்க’’ என்று சிரிக்கிறார். மாணவர்களுக்கு அவர் ‘அண்ணா’.

முதல் பாடம்: விழுவது

முதல் 40 நிமிடங்கள் யாரும் தண்ணீரைத் தொடவே இல்லை. எல்லாம் மணலில்தான்.

உடை விஷயம் முதலில். மாணவிகளில் பலருக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. முழுக்கை வைத்த, உடலோடு ஒட்டிய மேல்சட்டையும் லெகிங்ஸும் போதும் என்றதும் பாதிப் பேருக்கு நிம்மதி. துப்பட்டா, தொளதொள பேன்ட், செயின், வளையல் எதுவும் கூடாது. ஈரத் துணி காலைச் சுற்றினால் எழ முடியாது. அன்று இறங்க முடியாத 2 மாணவிகளை ஆசிரியை காரணம் கேட்காமல் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தலைகளை எண்ணும் பொறுப்பைக் கொடுத்தார். 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீரில் எத்தனை பேர், கரையில் எத்தனை பேர் என்று அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

பிறகு பலகை. கற்றுக்கொள்பவர்களுக்குத் தருவது மேலே மெத்தென்று நுரைப்பொருள் ஒட்டிய நீளமான பலகை. தலையில் பட்டாலும் பெரிய காயம் ஆகாது. அடியில் மீன் துடுப்பு போல 3 ‘ஃபின்’கள். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறுக்கு ‘லீஷ்’ என்று பெயர். விழுந்தால் பலகை ஓடிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

லீஷை எந்தக் காலில் கட்டுவது? பின்னால் வைக்கும் காலில். எது பின்னங்கால்? அதற்கும் ஒரு சோதனை. கண்ணை மூடி நிற்கச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவார். தடுமாறும்போது எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ, அதுதான் முன்னங்கால். இடது கால் முன்னால் போனால் ‘ரெகுலர்’, வலது கால் போனால் ‘கூஃபி’. நம் மாணவிக்கு வலது கால் போனது. ‘கூஃபி’ என்ற பெயரைக் கேட்டு வகுப்பே சிரிக்க, அவள் முகம் சுருங்கியது. ‘‘நானும் கூஃபிதான் பாப்பா’’ என்றார் அண்ணா.

அடுத்து, மணலில் கிடத்திய பலகை மீது குப்புறப் படுக்க வேண்டும். கால் விரல்கள் பலகையின் வால் பக்கம். உடல் சரியாக நடுக்கோட்டில். கைகள் விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, ஒரே மூச்சில் எழுந்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ‘‘காலைக் குனிஞ்சு பாக்காதீங்க. கரையில ஒரு மரத்தைப் பாருங்க. கண்ணு எங்க போவுதோ, ஒடம்பு அங்கதான் போவும்.’’

20 முறை எழுந்து பழகிய பிறகு வந்தது, அண்ணா ‘முதல் பாடம்’ என்று சொன்ன விஷயம். விழுவது. தலைகீழாகப் பாயக் கூடாது. ஆழமில்லாத இடத்தில் தலை தரையில் மோதினால் கழுத்து எலும்பு போய்விடும். பக்கவாட்டிலோ, பின்பக்கமாகவோ, கை காலை விரித்துத் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது 2 கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும், பலகை எங்கே இருக்கும் என்று தெரியாது என்பதால். அலைக்கும் நமக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே பிடிக்கக் கூடாது. அலை அதைத் தூக்கி நம் மேலேயே அடிக்கும்.

அலை இல்லாத இடம்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் எல்லோரையும் மணல் மேட்டில் நிற்கவைத்தார் அண்ணா. ‘‘கடலைப் பாருங்க. எந்த இடத்துல எறங்குனா பயமில்லாம இருக்கும்னு சொல்லுங்க.’’

பெரும்பாலான கைகள் ஒரே இடத்தைக் காட்டின. 2 பக்கமும் அலைகள் வெள்ளை நுரையோடு உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு சந்து மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாக இருந்தது. அலையே இல்லாத இடம்.

‘‘செத்துப்போறவங்க எல்லாம் அந்த எடத்துலதான் எறங்குறாங்க’’ என்றார் அண்ணா.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் கொஞ்சம் பள்ளமாக இருக்கும் இடம் கிடைத்தால் அந்த வழியாக ஆறு போல ஓடுகிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. இதைத்தான் ‘இழுப்பு’ என்கிறார்கள். இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது. கரையை விட்டு உள்ளே கொண்டுபோகும். பதறி, கரையை நோக்கி நேராக நீந்தி நீந்திக் களைத்துப்போவதுதான் உயிரை எடுக்கிறது. மாட்டிக்கொண்டால் எதிர்த்துப் போராடாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால், அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

இதை எல்லாம் ஆசிரியை ஃபோனுக்கு அருகில் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்து ஒரு குரல் வந்தது: ‘‘எங்க ஏரியும் அப்படித்தான் டீச்சர். பாக்க அமைதியாத்தான் இருக்கும்.’’

3 விநாடிகள்

8 பேர் கொண்ட இரண்டாவது குழுவில் அவள் இறங்கினாள். பலகையின் மூக்கு கடலைப் பார்க்க, ஒரு கையால் அதைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீர் வரை நடந்தாள். பக்கத்தில் அண்ணா.

ஜனவரிக் கடல் கற்றுக்கொள்பவர்களுக்கு இரக்கம் காட்டுகிற கடல். வடகிழக்குப் பருவமழையின் கொந்தளிப்பு அடங்கியிருக்கும். காலையில் காற்றும் கடுமையாக இருக்காது. உடைந்து முடிந்து, வெறும் நுரையாகக் கரைக்கு ஓடிவரும் சின்ன அலைகள்தான் முதல் வகுப்புக்கு.

முதல் 2 அலைகளில் படுத்தபடியே வர வேண்டும். அண்ணா பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட, அலை பிடித்துக்கொண்ட நொடியில் பலகை வேகம் எடுத்தது. அவள் வாயைத் திறந்து கத்தியபடி கரை வரை வந்து மணலில் முட்டி நின்றாள். ‘‘படுத்துக்கிட்டே வர்றா... சிரிக்கிறா... கரைக்கு வந்துட்டா’’ - ஆசிரியையின் நேரலை வர்ணனை தொடர்ந்தது.

மூன்றாவது அலையில் எழ முயன்றாள். முழங்கால் மடங்கவில்லை. பலகையின் ஒரு ஓரத்தில் எடை விழ, அது புரண்டது. அவள் காணாமல் போனாள்.

2 விநாடிகள்தான் இருக்கும். ஆனால், ஆசிரியை பேசுவதை நிறுத்திவிட்டார். ‘‘டீச்சர்... டீச்சர்... என்னாச்சு? பேசுங்க!’’

நுரைக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தவை 2 கைகள். தலை மீது கூரை போலக் கவிழ்ந்திருந்தன. அதன் கீழே இருமிக்கொண்டே ஒரு முகம். அதற்குள் அண்ணாவின் கை அவள் தோளைப் பிடித்திருந்தது.

மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறிய எரிச்சலோ, பயமோ, கரைக்கு வந்ததும் அழுதுவிட்டாள். யாரும் ‘போ, போ’ என்று தள்ளவில்லை. துண்டைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஃபோனைக் காதில் வைத்தார் ஆசிரியை.

‘‘அம்மா, விழுந்துட்டேன். ஒண்ணும் ஆகல. தலைய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டேன்.’’

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

‘‘அம்மா, இன்னொரு தடவை போகட்டா?’’

நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘‘...தலையத் தொவட்டிக்கிட்டுப் போ.’’

திரும்பவும் கடலுக்குள் போகிற பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டு போக வேண்டும்! ஆசிரியை சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. சொன்னபடியே தலையைத் துவட்டிவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு 4 முறை விழுந்தாள். ஐந்தாவது முறை, அண்ணா தள்ளிவிட்ட பலகையில் கைகளை ஊன்றி எழுந்தாள். வலது கால் முன்னால். முழங்கால்கள் மடங்கியிருந்தன. கண்கள் கரையில் நின்ற தென்னை மரத்தில். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள், தட்டையாக, சொல்லிக்கொடுத்தபடியே பக்கவாட்டில் விழுந்தாள்.

‘‘நின்னுட்டாம்மா! உங்க பொண்ணு நின்னுட்டா!’’

‘‘மேல ஏறிட்டாளா டீச்சர்?’’

‘‘ஏறிட்டாம்மா. இதோ வர்றா.’’

‘‘பசியோட இருப்பா. ஏதாச்சும் சாப்பிடக் குடுங்க’’ என்றார் அம்மா. அதன் பிறகுதான் ஃபோனை வைத்தார். அழைப்பு நேரம் 1 மணி 34 நிமிடங்கள் என்று காட்டியது திரை.

சாயங்கால வரைபடங்கள்

எத்தனையோ விளையாட்டுகள் இருக்க, ஏன் சர்ஃபிங்? உடற்கல்வி ஆசிரியையிடம் பதில் தயாராக இருக்கிறது. ‘‘எங்க புள்ளைங்க யாரும் சர்ஃபிங் வீராங்கனை ஆகணும்னு கூட்டிட்டு வரல. தண்ணியில சாகக் கூடாதுன்னு கூட்டிட்டு வந்தேன். ‘ஏரிக்குப் போகாதே’ன்னு பிரேயர்ல தெனமும் சொன்னோம். பையன்க ஒளிஞ்சு போனாங்க. போகாதேன்னு மட்டும் சொன்னா, போறப்ப எப்படி இருக்கணும்னு தெரியாமப் போறாங்க.’’

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதில் குழந்தைகளும் இளம்வயதினரும் அதிகம். நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பள்ளி வயதிலேயே கற்றுத்தரப்பட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. ஜூலை 25-ம் தேதியை, மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான உலக நாளாக 2021-ல் ஐ.நா அறிவித்தது.

அன்று மாலை ஆசிரியை எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். ‘‘உங்க ஊர்ல தண்ணி இருக்கற எடத்தை வரையுங்க. எங்க எறங்கலாம், எங்க எறங்கக் கூடாதுன்னு குறிங்க.’’ கிணறுகள், கல்குவாரிக் குட்டைகள், தடுப்பணைகள் எனத் தாள்கள் நிறைந்தன. நிறைய பேருக்குத் தங்கள் ஊர்க் கிணற்றின் ஆழமே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

நம் மாணவி ஏரியை வரைந்தாள். மதகு, கரை, ஆலமரம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீலப் பென்சிலால் நிரப்பிய தண்ணீருக்குள், சிவப்பில் ஒரு வட்டம். ‘‘இங்க மண்ணு அள்ளுன பள்ளம் இருக்கு. ஏரி காஞ்சு கெடக்கும்போது எல்லாருக்கும் தெரியும். தண்ணி வந்துட்டா மறைஞ்சுடும். அங்கதான் ரெண்டு பேரும் போனாங்க’’ என்றாள். ஊருக்குப் போனதும் அந்த இடத்தில் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டச் சொல்லி ஊராட்சித் தலைவரிடம் கேட்கப்போவதாகவும் சொன்னாள். தாளைத் தம்பிக்கும் காட்ட வேண்டுமாம்.

மறுநாள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலைப் பார்த்த கையோடு, இந்த ஊர்க் கடலில்தான் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது என்றும், அதில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார் என்றும் சொன்னார் ஆசிரியை. ஆசியப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இதே மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியின் கதையும் வந்தது. மீனவர் குப்பத்தில் அம்மாவின் வளர்ப்பில் ஸ்கேட்டிங்கும் சர்ஃபிங்கும் கற்று, தேசியப் போட்டிகளில் வென்றவர். அவரையும் அவர் அம்மாவையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ‘‘அந்த அக்கா அம்மாவும் ஃபோன்ல இருந்தாங்களா மிஸ்?’’ என்று கேட்டான் ஒரு பையன். பேருந்தே சிரித்தது. அவளும்தான்.

கோவளம் போகிறீர்களா?

* எப்படி: சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகளில் ஏறி கோவளத்தில் இறங்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் வருபவர்கள் கேளம்பாக்கத்தில் திரும்ப வேண்டும்.

* எப்போது: ஜனவரி முதல் மார்ச் வரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் பெரிய அலைகள், அனுபவம் உள்ளவர்களுக்கானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். எந்த மாதம் என்றாலும் காலை நேரமே நல்லது.

* குளிக்க: கோவளம் கடற்கரையின் ஒரு பகுதிக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குடும்பத்தோடு போகிறவர்கள் பாதுகாப்பு ஆட்கள் இருக்கும் அந்தப் பகுதியில், அவர்கள் குறித்த எல்லைக்குள் மட்டும் இறங்கலாம்.

* பிள்ளையை அனுப்பும் முன் பள்ளியிடம் கேளுங்கள்: தண்ணீரில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர்? அவருக்கு உயிர்காக்கும் பயிற்சியும் முதலுதவியும் தெரியுமா? கரையில் தலைகளை எண்ணுவது யார்? பக்கத்து மருத்துவமனை எது, வண்டி தயாராக நிற்குமா? கடல் சரியில்லை என்றால் வகுப்பை ரத்து செய்வார்களா? பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, காதில் சீழ் போன்ற தொந்தரவு இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

* யாராவது மூழ்கினால்: பழக்கம் இல்லாதவர்கள் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, புடவை, வேட்டி, நீண்ட கழி எதையாவது நீட்டுங்கள். காலி கேன், டியூப் என மிதக்கும் எதையாவது வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் சேருங்கள். அவசர உதவிக்கு 112, கடலோரக் காவலுக்கு 1093.

‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் எதை டிக் செய்தாலும், கேள்வி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதில் சொல்ல நேரம் இல்லாதவர்களோடு பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்ப வேண்டாம்.